சின்ன பிட்

“இதுவும் வழுக்குது ஜஹீரா” என்று கத்தினான் முனீர். படுக்கையறைக் கதவின் கைப்பிடித் தகட்டில் ஒரே ஒரு ஸ்க்ரூ மட்டும் அசைவேனா என்றது.

“பிளாட்பாரத்துல வாங்கின ஸ்க்ரூடிரைவர் பிட்டுன்னா வழுக்கத்தான் செய்யும். முனை சட்டுனு மழுங்கிடும்” என்றாள் ஜஹீரா உள்ளேயிருந்து. பூட்டு சிக்கிக்கொண்டது, திறக்க முடியவில்லை என்று அவள்தான் உள்ளேயிருந்து குரல் கொடுத்திருந்தாள். இருவரின் பாஸ்போர்ட்டுகளும் அவளிடம்தான் இருந்தன.

ஷார்ஜாவில் முனீருக்குப் புது வேலை. மனைவியும் கூடவே வந்தாக வேண்டும் என்று அவனே முடிவு செய்து, அவனே டிக்கெட்டும் எடுத்திருந்தான்.

“இன்னா சார், இன்னும் ஆவலியா? ஏர்போர்ட்ல கவுன்ட்டர மூடிக்கப் போறான்” என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார் டாக்ஸி டிரைவர் எத்திராஜ். “ஒரு ஒத வுட்டா தொறந்துக்கும்.”

“ஒடைக்காதீங்க, கதவுக்குப் பின்னாடி பெட்டியெல்லாம் இருக்கு” என்றாள் ஜஹீரா அவசரமாக. “ஷெல்ஃப்ல என் டப்பாவப் பாருங்க. அதுல நல்ல பிட்டு இருக்கு.”

மறைமலை நகர் தொழிற்சாலையில் நாள் முழுக்க ஸ்க்ரூ முடுக்குகிறவள் அவள். வேலையை விட மாட்டேன் என்று அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். முனீர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

டப்பாவிலிருந்த பெரிய பிட்டை வைத்துப் பார்த்தான். “பெருசு கச்சிதமா உக்காருது.”

“வேணாம், சின்னதப் போடுங்க.”

“சின்னது ஆடுதே.”

“ஆடினா பரவால்ல. அழுத்தாம வேகமா சுத்துங்க.”

ஸ்க்ரூ விஷயத்தில் மட்டும் அவள் பேச்சை அவன் தட்டியதில்லை. வேகமாகச் சுற்றினான். கரகரவென்று சத்தம் வந்தது. ஸ்க்ரூவின் தலையிலிருந்த பள்ளம் மொத்தமாக வழித்துக்கொண்டு போய்விட்டது. இனி எந்த பிட்டும் அதில் பிடிக்காது.

முனீருக்கு அழுகை வராத குறை. ஸ்க்ரூவையும், பூட்டையும், அதைப் பொருத்திய ஆசாரியையும் வாயில் வந்தபடி திட்டினான்.

“வுடு சார். இப்ப கெளம்பினாலும் இரும்புலியூர் தாண்டறதுக்குள்ள மூடிடுவான்” என்றார் எத்திராஜ்.

முனீர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். “ஜஹீரா, ஃப்ளைட் போச்சு.”

உள்ளே சாவி திரும்பும் சத்தம் கேட்டது. கதவு எந்தச் சிக்கலும் இல்லாமல் திறந்தது.

நீல யூனிஃபார்மும் முக்காடுமாக நின்றாள் ஜஹீரா. அவனுடைய பாஸ்போர்ட்டை மட்டும் அவன் மடியில் வைத்தாள்.

“கொஞ்சம் நகருங்க. கம்பெனி பஸ் வந்துடும்.”