முந்திக்கொண்ட பெட்டி

யாழரசி தன் கணிப்புகளைக் குறித்து வைக்க ஒரு செயலி எழுதினாள். அதற்குள்ளே 'ஆமா-இல்லை' பெட்டியும் சதவீதப் பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன.

ஆமா-இல்லைக்கு மண்டைக்கனம் ஜாஸ்தி. யாழரசி பதில் போடாமல் விட்ட கேள்விக்கெல்லாம் அது தானாகவே "இல்லை" என்று சொல்லிவிடும். இந்த மாசமாவது ஜிம்முக்குப் போவேனா? இல்லை. ஹவுஸ் ஓனர் குழாயைச் சரிபண்ணுவாரா? இல்லை. பெரும்பாலும் பலித்தும் தொலைத்தது.

"உன்னை மாதிரி அறுபது, எழுபதுன்னு இழுக்க மாட்டேன். என்கிட்ட வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு" என்று சதவீதத்திடம் பீற்றிக்கொள்ளும்.

ஒருநாள் புதுக் கேள்வி வந்தது: அம்மா ஆபரேஷன் முடிஞ்சு நல்லபடியா வீட்டுக்கு வருவாங்களா? கேள்வியை அடித்த யாழரசி, அதற்குமேல் எதையும் தொடாமல் போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

"அவசரப்படாதேப்பா, அவ இன்னும் வாயே திறக்கல. நானும் காலியாத்தான் இருக்கேன்" என்றது சதவீதம்.

"அதுக்குத்தானே நான் இருக்கேன்!" என்றது ஆமா-இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாழரசி போனைத் திறந்தாள். அம்மாவைப் பற்றிய கேள்விக்கு நேரே "இல்லை" என்று பளிச்சென்று நின்றது. அவள் அங்கேயே லேப்டாப்பை மடியில் வைத்து, தான் பதில் போடும்வரை காலியாகவே இருக்கும்படி ஆமா-இல்லைப் பெட்டியை மட்டும் மாற்றி எழுதினாள்.

அதே கேள்வி மறுபடி வந்து நின்றது. ஆமா-இல்லை வழக்கம்போல் வாயைத் திறந்தது. ஒரு வார்த்தையும் வரவில்லை. அதுவும் அவளோடு சேர்ந்து ஆபரேஷன் தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.