வீட்டுச் சாட்சி

விசாரணையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரி திலோத்தமை, அவள் கணவன் இளம்பரிதி, தார்ப்பாய்க்கு அடியில் காய்ச்சலோடு படுத்திருந்த மகள், ஸ்டூல்மேல் காப்பீட்டு நிறுவனத்தின் பேசும் பெட்டி. தகரக் கூரையைப் புயல் கொண்டுபோய் ஒன்பது நாளாகியிருந்தது. புதுக்கூரை வருமா வராதா என்பதைப் பெட்டிதான் சொல்ல வேண்டும்.

"கூரை போல்ட்டுகள் தளர்ந்திருப்பதாக ஆடி மாதமே உங்கள் வீட்டுச் சாட்சி பதிவு செய்திருக்கிறார்," என்றது பெட்டி. "தெரிந்தே விட்டதற்கு இழப்பீடு கிடையாது."

ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் சாட்சியாக இருந்து, வாரம் ஒருமுறை நிறுவனத்திடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இந்த வீட்டில் அது இளம்பரிதி.

"முடுக்கியாச்சுன்னு எங்கிட்ட சொன்னீங்களே," என்றாள் திலோத்தமை.

"ஏணி சரியில்ல, தில்லு. ஏறலன்னு சொன்னா நீ நச்சரிப்பேன்னுதான்..."

"அதுகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கீங்க."

"அதுகிட்ட பொய் சொன்னா மார்க் குறையும். மார்க் குறைஞ்சா எந்தக் கம்பெனியும் வேலை தராது. உனக்குத் தெரியாதா?"

"எங்கிட்ட பொய் சொன்னா?"

அவன் பெட்டியைப் பார்த்தான்.

"வீட்டாரிடம் பேசுவது மதிப்பெண்ணில் சேராது," என்றது அது, அவனுக்காக.

திலோத்தமை பெட்டியைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். "வாசல்ல போய் ரெண்டு பேரும் உண்மை பேசிக்கிட்டிருங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தபடியே அவன் படியிறங்கினான். தூறல் உள்ளேயும் வெளியேயும் ஒன்றாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள்.