மூன்றாவது எச்சில்

"வாஷ்பேசின் அடைச்சிருக்கு. இந்த டம்ளர்ல துப்புங்க."

"காலங்காத்தால இது என்ன புதுப் பழக்கம்?" என்று முணுமுணுத்தாலும், கணவன் வாய் கொப்பளித்து டம்ளரிலேயே துப்பினான். அவன் துண்டை எடுக்கத் திரும்பியதும் அவள் அதைச் சின்னக் குப்பி ஒன்றில் ஊற்றி மூடிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வாஷ்பேசினில் ஓர் அடைப்பும் இல்லை.

கட்டின புருஷனின் எச்சிலை ஒருத்தி களவாடுகிறாள், அவளோ டி.என்.ஏ. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள் என்றால், கேட்பவர்களுக்கு ஒரே சந்தேகம்தான் வரும். பாவம், அந்த மனுஷன் மேல் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. அவள் வயிறு எரிந்ததெல்லாம் ஓரகத்தியை நினைத்துத்தான்.

இரட்டைப் பிள்ளைகளில் பத்து நிமிடம் முந்திப் பிறந்தவனுக்கு இவள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பிந்திப் பிறந்தவனுக்கு அவள். பெற்றவளே பேர் மாற்றிக் கூப்பிடும் அண்ணன் தம்பி. அந்தப் பத்து நிமிடக் கணக்கில் வீட்டில் இவள் மூத்தவள். இருவரும் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்திலோ முழுசாகப் பதினான்கு வருஷம் மூத்தவள்.

என்ன பிரயோஜனம்? முன்னே வந்த காதைவிடப் பின்னே வந்த கொம்புதான் உசத்தி என்று ஆகிவிட்டது. "சின்ன மருமக மூளை யாருக்கு வரும்!" என்று மாமியார் வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அங்கே தப்பித்து வேலைக்கு வந்தால் டைரக்டரும் அதையே சொன்னார்.

இளையவள் புது முறை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். பலருடைய எச்சில் கலந்த ஒரு சொட்டைக் கொடுத்தால் போதும். அதில் எத்தனை பேர், யார் பங்கு எவ்வளவு என்று மூன்று மணி நேரத்தில் பிரித்துச் சொல்லிவிடும். இன்றைக்கு அதற்குப் பரீட்சை. டைரக்டர் யார் யாருடைய எச்சிலையோ தன் கையாலேயே கலந்து வைத்து, விவரத்தை ஓர் உறைக்குள் போட்டு ஒட்டி வைத்திருந்தார். விடை சரியாக வந்தால் அடுத்த மாதம் காலியாகும் பிரிவுத் தலைவர் நாற்காலி இளையவளுக்கு. பிசகினால் மூத்தவளுக்கு.

மாதிரிகள் இருக்கும் ஃபிரிட்ஜின் சாவி மூத்தவளிடம்தான். தன் எச்சிலையே சேர்க்க அவளுக்கு என்ன பைத்தியமா? அங்கே வேலை செய்யும் எல்லாருடைய டி.என்.ஏ.வும் பட்டியலில் உண்டு. பக்கத்தில் நின்று தும்மினாலே பேரைக் காட்டிக்கொடுத்துவிடும். வெளியாள் வேண்டும். அவசரத்துக்குக் கிடைத்த வெளியாள் கணவன்.

ஒன்பது மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து, நாலே சொட்டு இருந்த டைரக்டரின் ட்யூபுக்குள் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். 'கூட ஒரு ஆள் முளைக்கட்டும். அப்புறம் பார்க்கிறேன் உன் மூளையை' என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

இளையவள் வந்து ட்யூபை வாங்கிக்கொண்டாள். "ஒரு வார்த்தை வாழ்த்துங்கக்கா. கையும் ஓடல, காலும் ஓடல."

"உனக்கென்னம்மா, நல்லாத்தான் வரும்," என்றாள் மூத்தவள், வாயெல்லாம் பல்லாக.

பன்னிரண்டு மணிக்குத் திரையின் முன்னால் எல்லாரும் கூடிவிட்டார்கள். இளையவள் படித்தாள். "மொத்தம் ரெண்டு பேர். ஒருத்தர் நீங்க சார், உங்க பங்கு நாப்பது சதவீதம். இன்னொருத்தர் நம்ம பட்டியல்ல இல்லாத ஆள், அவர் பங்கு அறுபது."

மூத்தவள் முகத்தில் ஈயாடவில்லை. ரெண்டா? அவள் சேர்த்த மூன்றாவது ஆள் எங்கே போனான்?

டைரக்டர் உறையைக் கிழித்து, இளையவளைக் காட்டினார். "ரெண்டே பேர்தான்! ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு நேத்து சாயந்தரம் இந்தம்மாவைக் கூட்டிட்டுப் போக வந்தாரே, இவங்க வீட்டுக்காரர், அவரோடது. வாசல்லயே மடக்கித் துப்ப வெச்சேன். வீட்ல மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம்வேற வாங்கிட்டேன்."

"அளவு சரியா சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆளுக்குப் பாதிதான் ஊத்தினேன். வயசாச்சுல்ல, கை நடுங்கியிருக்கும். அதை விடுங்க. புதுத் தலைவருக்கு ஒரு கைதட்டு!"

தன் சொட்டு எங்கே போய் ஒளிந்தது என்று மூத்தவளுக்கு அப்போது விளங்கிவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழி உடைந்தது. பதினெட்டு வருஷம் காத்திருந்த நாற்காலி, நாலே வருஷத்துக்காரியிடம் போய்விட்டது. கைதட்டல் ஒவ்வொன்றும் அவள் கன்னத்தில் விழுந்தது. யாருக்கும் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அவள் கை கழுவுகிற அறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். பின்னாலேயே வந்த இளையவள் கதவைச் சாத்தினாள்.

"டைரக்டருக்குக் கை நடுங்கலக்கா."

"அப்ப உன் முறையிலதான் கோளாறு," என்றாள் மூத்தவள் வெடுக்கென்று.

"அதுலயும் கோளாறு இல்ல. ஒரே அச்சா பொறந்த ரெட்டைங்களுக்கு டி.என்.ஏ.வும் ஒண்ணுதான். என் முறையாலயும் அவங்களைப் பிரிக்க முடியாது, ஒரே ஆளாத்தான் எண்ணும்."

இளையவள் குழாயை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"டைரக்டர் நாப்பது, எங்க வீட்டுக்காரர் நாப்பது. மிச்ச இருபது உங்க வீட்டுக்காரரோடதுக்கா."