மாவு ஒட்டாத மில்

அவர் சுட்டுவிரலால் மில்லின் வாயைத் தடவினார்.

விரலைப் பார்த்தார்.

ஒன்றும் ஒட்டவில்லை.

மாவு மில்லில் விரல் வைத்தால் விரல் வெளுக்க வேண்டும். அதுதான் உலக வழக்கம். இங்கே வெளியே வந்த விரல், உள்ளே போன விரலைவிடச் சுத்தமாக இருந்தது.

மகளிர் சுயதொழில் மானியத்தில் இரண்டாம் தவணையைக் கொடுக்கலாமா, கூடாதா என்று பார்த்து எழுத வந்த அதிகாரி அவர். சந்தேகப்படுவதற்கென்றே பிறவி எடுத்தவர். ஒரே தையல் மிஷினை ஒரே நாளில் பதினேழு வீடுகளில் பார்த்திருக்கிறார். பதினெட்டாவது வீட்டில் அது அவருக்கு வணக்கம் வைக்காத குறைதான். ஒரு கறவை மாடு அவர் ஜீப் சத்தம் கேட்டாலே அடுத்த பயனாளி வீட்டுக்குத் தானாக நடந்து போய் நின்றுகொள்ளும்.

சுற்றிலும் பார்த்தார்.

தரையில் முகம் தெரிந்தது. தராசு, சீர்வரிசைக்கு வாங்கியதுபோல் மின்னியது. மாவு இறங்கும் துணிக்குழாய், துவைத்து நீலம் போட்டு, மாப்பிள்ளை வேட்டி மாதிரித் தொங்கியது. எட்டிப் பார்த்த சிலந்திக்குக்கூடக் கால் வழுக்கியிருக்கும்.

"கடைசியா எப்பம்மா அரைச்சது?"

"நேத்து சாயந்தரம் வரைக்கும் அரைச்சேன் சார்," என்றாள் மில்காரி ஜக்கம்மா. "நீங்க வாறீயன்னுதான் காலைலருந்து தேய்ச்சுக் கழுவிப் போட்டோம்."

எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள்.

"ஓட்டிக் காட்டும்மா."

"இன்னைக்குக் கரண்டு கட்டு சார். அஞ்சு மணிக்குத்தான் வரும்."

இதையும்தான்.

அந்தத் தவணை வந்தால் மிளகாய் அரைக்கும் மிஷினும் போட்டு மில்லை நிலைக்க வைத்துவிடுவாள். வராவிட்டால் பழையபடி தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்க பஸ் ஏற வேண்டியதுதான். அவள் கண் அவர் பேனாவைவிட்டு நகரவில்லை.

'மில் இயங்கவில்லை' என்று எழுத, அவர் மூடியைக் கழற்றினார்.

வாசலில் ஒரு தூக்குவாளி ணங்கென்று உட்கார்ந்தது. பின்னாலேயே வாளிக்காரி வேலம்மா.

"ஏட்டி ஜக்கம்மா! நேத்து நீ அரைச்சுக் குடுத்தது மாவா, ஆத்து மணலா? இடியாப்பம் பிழிஞ்சேன், உரலு ரெண்டாப் பொளந்துட்டு! எம் புருசன் ஒரு வாய் வச்சாரு, தாடை கட்டிக்கிட்டு. மறுவாட்டி ஓட்டிக் குடுட்டி!"

திட்டு வாங்கும் ஒருத்தி முகம் இப்படிப் பூரித்து அவர் பார்த்ததேயில்லை.

பேனா நின்றது.

வாளிக்குள் குனிந்து பார்த்தார். மாவுதான். கொரகொரவென்றுதான் இருந்தது.

அப்போதுதான் வேலம்மா நிமிர்ந்து, முழுக்கைச் சட்டையையும், பேனாவையும், வெளியே நின்ற ஜீப்பையும் வரிசையாகப் பார்த்தாள்.

குரல் குழைந்தது.

"வாங்க சார்! ஜக்கம்மா மில்லுன்னா சும்மாவா? மாவு மல்லியப்பூல்லா! சுத்துப்பட்டு நாப்பது ஊரும் இங்கதான் அரைக்கும். தங்கமான பிள்ள சார்!"

அவருடைய புருவம் ஏறியது.

சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்த ஆள்.

பேனா மறுபடி தாளைத் தொட்டது.

ஜக்கம்மா பாய்ந்து வேலம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, ஒன்னயக் கும்பிடுதேன். திட்டு."