சுவர் மட்டும் தெளிவாக

ட்ரைபாடில் கேமரா நிற்கிறது. எதிரே சோபாவில் நானும் மனைவியும். நாளை ஆபரேஷனில் அவள் தாடையில் பாதியை எடுத்துவிடுவார்கள். இந்த முகத்தோடு சேர்ந்து ஒரு படம் வேண்டும். ரிமோட்டை அழுத்திவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கிறேன். இந்த முறையும் எங்கள் தலைகளுக்கு நடுவே தெரியும் சுவர்தான் பளிச்சென்று இருக்கிறது, முகங்கள் கலங்கிக் கிடக்கின்றன. "ஆபரேஷன் செவுத்துக்குன்னு நெனச்சிடுச்சு போல உங்க கேமரா," என்கிறாள். வாசலில், ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கூட்டிப்போக வந்த அவள் தம்பி கார் ஹாரனை அடிக்கிறான். அவள் உதட்டோர மச்சத்தில் ஃபோகஸ் வைத்து, ரிமோட் அதை மறுபடி மாற்றிவிடாதபடி லென்ஸை மேனுவலுக்குத் தள்ளுகிறேன். "அப்படியே இரும்மா, அசையாத." பக்கத்தில் போய் உட்கார்கிறேன். தாடையைத் தாங்கியிருந்த கையை எடுத்துவிட்டுச் சிரிக்கிறாள். "சீக்கிரம் அழுத்துங்க, வலிக்குது." கட்டைவிரல் பட்டன்மேல்தான் இருக்கிறது. அழுத்திவிட்டால் கிளம்ப வேண்டும்.