கரண்ட் போகிற நேரம்

"ஏன்னா, மணி ஏழே கால் ஆயிடுத்து. இன்னும் கரண்ட் போகலையே?"

மதுவந்தி மறுபடியும் கேட்டாள். கையில் தூக்கு, அதில் சுடச்சுட வெங்காயப் பகோடா. கரண்ட் போனதும் மொட்டை மாடிக்கு முதல் ஆளாக ஓட வேண்டும் என்று செருப்பைக்கூட வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தாள்.

ஷார்ஜா மேட்ச் பார்த்துக்கொண்டிருந்த குருபிரசாத் திரும்பாமலே சொன்னான். "போகாது. இனிமே போகவே போகாது. நான் கம்ப்ளெயின்ட் குடுத்துட்டேன்."

"நீங்களா?"

"பின்னே? செகரெட்டரி ராமானுஜம் மாமா தினமும் ஈ.பி.க்குப் போன் பண்றேன், போன் பண்றேன்னு குதிக்கறார். ஒரு ஈ காக்கா வரலை. நான் கார்த்தால ஆபீஸ்லேர்ந்து ஒரே ஒரு போன் பண்ணினேன். மத்தியானமே ஆள் வந்துட்டானோல்லியோ?"

இதில் பெருமை வேறு. மதுவந்திக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஆறு வீடுகள் கொண்ட இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்த புதிதில் அவளிடம் பேசிய ஒரே ஜீவன் பால் பூத்காரர்தான். அவரும் "கார்டு" என்பதற்கு மேல் வாய் திறக்கமாட்டார். கறிவேப்பிலை கேட்டுப் போனால் எதிர்வீட்டுக் கதவு சங்கிலி விட்ட அளவுக்குத்தான் திறக்கும். எல்லாருக்கும் வேலை, எல்லாருக்கும் டி.வி., எல்லாருக்கும் அவசரம்.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்குக் கரண்ட் போனது. புழுக்கம் தாங்காமல் ஒவ்வொருவராக விசிறியோடு மொட்டை மாடிக்கு வந்து சேர்ந்தார்கள். அப்புறம் தினமும் அதே கதைதான். தெருவெல்லாம் விளக்கு எரியும், இந்தக் கட்டடம் மட்டும் ஏழு மணிக்கு இருண்டு எட்டு மணிக்கு வெளிச்சமாகும்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் மதுவந்திக்கு மனிதர்கள் கிடைத்தார்கள். ராமானுஜம் மாமாவின் மனைவி சுப்புலக்ஷ்மி மாமி நீர்மோர் கொண்டுவருவார். ஆரோக்கியமேரி டீச்சர் பார்த்த சினிமாவை நடித்தே காட்டிவிடுவார். இனாயத் பாயின் அம்மா குல்சும், அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா கண்ணு? ஏன் குரல் டல்லா இருக்கு?" என்று கேட்பார். இருட்டிலேயே பழகியதால் அவளுக்கு இவர்களின் முகங்களைவிடக் குரல்கள்தான் நன்றாகத் தெரியும்.

நடுநடுவே எல்லாரும் சேர்ந்து கரண்டைத் திட்டுவார்கள். ராமானுஜம் மாமா எல்லாருக்கும் ஒரு படி மேல். "அந்த ஈ.பி.காரனை நான் சும்மா விடப்போறதில்லை" என்று மாடியே அதிரக் கத்துவார். மதுவந்தியும் மரியாதைக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டு, நாளைக்கும் போகணுமே பெருமாளே என்று மனசுக்குள் வேண்டிக்கொள்வாள்.

பெருமாள் கேட்டார். கட்டின புருஷன் கெடுத்துவிட்டான்.

மத்தியானம் வந்த ஈ.பி. ஆள் வடிவேலுவுக்குத் தண்ணீர் கொடுத்தபோது அவர் சொன்னது ஞாபகம் வந்தது. "லைனு சும்மா கல்லு மாதிரி கீதும்மா. மாடிப்படிக்குக் கீழ பொட்டி கீதே, அதுல ஃபியூஸ் கட்டைய புச்சா மாத்திட்டேன். இனிமே யார்னா கையால புடுங்கினாதான் கரண்ட் போவும்."

யாராவது கையால் பிடுங்கினால்தான்.

"குப்பை கொட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் தூக்கை வைத்தாள், குப்பைக்கூடையை எடுத்தாள். எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. எல்லாக் கதவுக்குப் பின்னாலும் மேட்ச் சத்தம். அடிமேல் அடி வைத்துக் கீழே இறங்கினாள்.

பெட்டிக்குப் பூட்டு கிடையாது. திறந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று புதுக் கட்டை. பயத்தில் உள்ளங்கை வியர்த்தது, சந்தோஷத்தில் சிரிப்பும் வந்தது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"யாரது அங்கே?"

டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. ராமானுஜம் மாமா.

போச்சு, மானம் போச்சு. குப்பைக்கூடை கைநழுவி உருண்டது. பொய் எதுவும் சமயத்துக்கு வாயில் வரவில்லை.

"மாமா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோ. எனக்கு இந்த ஊர்ல வேற யாரையும் தெரியாது. நாள் பூரா அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் காத்துண்டிருக்கேன். எல்லாரும் கதவைச் சாத்திண்டு இருக்கறதைப் பாத்தா என்னமோ பண்றது. தப்புதான் மாமா. பகோடா வேற போட்டுட்டேன்."

மாமா டார்ச்சை அவள் முகத்திலிருந்து மெல்ல இறக்கினார். பிறகு மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சுப்பு, மோரை எடுத்துண்டு மாடிக்குப் போ. போற வழியில எல்லார் கதவையும் தட்டு."

மதுவந்திக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்காத்துல கம்ப்ளெயின்ட் குடுத்துட்டாளே, புதுசா வந்தவாளுக்கு இது பிடிக்கலை போலிருக்குன்னு இன்னிக்கு எல்லாருமா நிறுத்திட்டோம்" என்றார் மாமா.

பழகிய கை மெயின் சுவிட்சை இறக்கிக் கட்டையை உருவியது. கட்டடம் இருண்டது. மேலே குருபிரசாத்தின் "ஐயோ, கடைசி ஓவர்" கேட்டது. அதற்கும் மேலே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

இருட்டில் மாமாவின் அந்தப் பழக்கமான குரல் சொன்னது: "இன்னிக்கு வெள்ளிக்கிழமை, என் முறை. செவ்வாய்க்கிழமை குல்சும் அம்மாவோடது, பாவம் முழங்கால் வலி, கீழ வரைக்கும் அத்தனை படி இறங்க முடியலையாம். அதை நீ எடுத்துக்கோம்மா."