ஆவாரஞ்செடிக்கு வேலி

லால்பாக் வாசலில் ஜட்கா வண்டியை விட்டு இறங்கியதும் சவரிமுத்து மகளிடம் கேட்ட முதல் கேள்வி, காதில் பஞ்சு இருக்கிறதா என்பதுதான்.

இருந்தது. பக்கத்து வீட்டு பில்கிஸ், ரயிலுக்குப் புறப்படும் முன் அத்தரில் நனைத்துத் தன் கையாலேயே மரியம்மாளின் காதில் செருகிவிட்ட பஞ்சு. ரம்ஜானுக்கென்று பத்திரப்படுத்திய குப்பியை இதற்காகத் திறந்தாள். இப்படிப்பட்ட மனுஷிகளுக்காகத்தான் ஆண்டவர் இன்னும் ஆம்பூரில் மழை பெய்விக்கிறார் என்று சவரிமுத்து நினைத்துக்கொண்டார்.

மகள் மேல் தோல் வாடை போய்விட்டதா என்று அவரால் சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருஷம் தோல் பதனிடும் தோல்ஷாப்பில் ஊறிய மூக்கு. அதற்கு ரோஜாவும் ஒன்றுதான், தொட்டியில் கிடக்கும் ஆட்டுத்தோலும் ஒன்றுதான்.

அதனால்தான் பெண் பார்க்க இந்தத் தோட்டம். வீட்டுக்கு வரச் சொன்னால் தெருவே காட்டிக்கொடுத்துவிடும். பெங்களூர்ப் பூக்களின் நடுவே யாருக்கு என்ன தெரியப்போகிறது?

பையன் வீட்டாரும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெருந்தன்மைக்காரர்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் புண்ணாகிச் செத்தவள் அவர் மனைவி. இந்த நாற்றத்தில் என் பெண் வாழக்கூடாது என்று மாதா படத்தின் முன்னால் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கண்ணை மூடினாள். பையன் லாசர், பெங்களூர்க் கண்டோன்மென்டில் ஜவுளிக்கடை குமாஸ்தா. சத்தியத்துக்கென்றே பிறந்த மாப்பிள்ளை.

தான் ஆம்பூர் ஸ்டேஷன் பக்கம் வெற்றிலைக்கடை வைத்திருப்பதாக சவரிமுத்து சொல்லியனுப்பியிருந்தார். பெண்ணைப் பெற்றவன் சொல்லும் இந்த அளவு பொய்யை ஆண்டவர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கண்ணாடி மாளிகைக்கு எதிரே கல் பெஞ்சில் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் பத்தடி தள்ளிப் பூப்பார்க்க நடந்தார்கள். மரியம்மாள் முந்தானைக்குள் கைகளை மறைத்துக்கொண்டிருந்தாள். தோல் ஊறப்போடும் ஆவாரம்பட்டையை இடித்துக் கறை ஏறிய கைகள்.

லாசரின் தாய் ஆரோக்கியம் பேச்சில் கெட்டிக்காரி. எத்தனை இடம் வந்தது, எதையெல்லாம் தட்டிக்கழித்தாள் என்று விரல் விட்டுச் சொன்னாள்.

“இந்தத் தோல்ஷாப்பு ஆளுங்க சவகாசம் மட்டும் நமக்கு வேணாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?”

“வாஸ்தவம்தாம்மா” என்றார் சவரிமுத்து.

அப்போதுதான் மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. தாய் போன பிறகு அவள் சிரித்து அவர் கேட்டதில்லை.

திரும்பிப் பார்த்தார்.

பிள்ளைகள் ஓர் ஆவாரஞ்செடியின் முன் நின்றார்கள். அவர் ஊர்ப்பக்கம் கேட்பாரற்றுக் காட்டில் முளைக்கும் ஆவாரை. இங்கே அதற்கு ஒரு வேலி, தகரத்தில் இங்கிலீஷில் ஒரு பெயர், தண்ணீர் ஊற்ற ஓர் ஆள். அந்தத் தோட்டக்காரன் ஒரு கிளை ஒடிந்திருப்பதைப் பார்த்தும் பார்க்காதவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

லாசரின் கையில் விரல் நீளத்துக்கு ஆவாரம்பட்டை. அதை முன்பல்லில் கடித்தான். சாற்றை நாக்கில் அழுத்திப் பார்த்தான். பக்கவாட்டில் துப்பினான்.

சவரிமுத்து பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்து உற்றுப் பார்த்தார்.

ஜவுளிக்கடைக்காரன் பட்டையை அப்படிக் கடிக்கமாட்டான். துவர்ப்பு ஏறிவிட்டதா, தோல் ஊறப்போட ஆகுமா என்று பார்க்கிறவன்தான் கடிப்பான். அவரே தினமும் அப்படித்தான் கடிக்கிறார்.

எழுந்தார். பெண்ணுக்கு இஷ்டமில்லை என்றார். ஆரோக்கியத்தின் முகம் சுண்டிப்போயிற்று. ஜவுளிக்கடைப் பிள்ளைக்கு இன்னா கொறச்சல் என்று கேட்டாள். அந்தப் பொய்யை அவர் உடைக்கவில்லை. பெற்றவளை நாலு பேர் நடமாடும் இடத்தில் அவமானப்படுத்துவது பாவம். கும்பிட்டுவிட்டு மகளை அழைத்துக்கொண்டு நடந்தார்.

அந்தத் தாயின் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று ரயிலில் ஏறும்போது அவருக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

ஜோலார்பேட்டை வரைக்கும் மரியம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன், எதற்கு என்றும் கேட்கவில்லை. அவருக்குத்தான் தாங்கவில்லை.

“அவன் பொய் சொல்லிட்டாம்மா. ஜவுளிக்கடை இல்ல, அவனும் தோல்ஷாப்புதான். பட்டையக் கடிச்சதுலயே தெரிஞ்சிபோச்சு.”

“தெரியும்பா. அந்தப் பட்டைய உரிச்சுக் குடுத்ததே நான்தான்.”

ஜன்னல் பக்கம் பார்த்தபடியே மீதியையும் சொன்னாள். பத்தடி நடப்பதற்குள் அவள் தன் கைகளைக் காட்டிவிட்டாளாம். வெற்றிலைக்கடை பொய், நான் பட்டை இடிக்கிறவள் என்று சொல்லிவிட்டாளாம். அவனும் உடனே, தானும் தோல்ஷாப்புதான், குமாஸ்தா என்பது அம்மா கட்டிய கதை என்றானாம். தன் மனம் நோகாமலிருக்க அப்படிச் சொல்கிறான் என்று நினைத்து அவள் நம்பவில்லை. ஒரு பட்டையை உரித்து நீட்டினாள். அவன் கடித்துப் பார்த்து, துவர்ப்பு ஏற இன்னும் ரெண்டு மாசம் போவணும் என்றான்.

அதற்குத்தான் சிரித்தாளாம்; அவள் சிரிக்க, அவன் மறுபடியும் கடித்துத் துப்பிக் காட்டினானாம்.

சவரிமுத்து தன் கைகளைப் பார்த்தார். மாதா முன்னால் செய்த சத்தியத்தைக் காப்பாற்றியாயிற்று.

மரியம்மாள் காதிலிருந்த பஞ்சை எடுத்தாள். எறியவில்லை. பில்கிஸ் கேட்பாள் என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வாணியம்பாடி தாண்டிச் சிறிது நேரத்தில், எதிரே இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

ஊர் வந்துவிட்டது என்று சவரிமுத்துவுக்கு அதிலிருந்துதான் தெரியும்.